சாயாக் கறையில் பிறந்த தொட்டி

நகராட்சியில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘தண்ணீர்ப் பிரிவு’ என்று சொல்லிப் பழகியிருந்தேன். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நான் காவல் இருந்த கிணற்றில் வந்து விழுந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான். மீதி என்ன என்பதைக் கேட்கிறவர் யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன். என் மனைவி என்னைவிட ஒரு படி மேலே. கல்யாண வீடுகளில் “அவிய இன்ஜினியரிங் செக்‌ஷன்லயாக்கும்” என்பாள்.

அது கழிவுநீரேற்று நிலையம். ஊர் வாயில் நாத்தப் பம்பு. ஊரின் வீட்டுக் கழிவுநீரெல்லாம் குழாய் வழியாகப் பள்ளத்துக்கு ஓடிவந்து அங்கே ஒரு பெரிய கிணற்றில் விழும். பம்பு அதை மேட்டுக்கு ஏற்றி, ஊருக்கு வெளியே சுத்திகரிக்கிற இடத்துக்குத் தள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தக் கட்டடத்துக்கு வயதாகியிருந்தது. கணக்குக்கு மூன்று பம்புகள். ஒன்று ஓடியது. இன்னொன்று அதற்கு உறுப்பு தானம் செய்து செய்து வெறும் கூடாக நின்றது. மூன்றாவது பம்பு பதிவேட்டில் மட்டும் ஓடியது. ஓடுகிற பம்பை எழுப்ப, ஸ்டார்ட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ரப்பர் செருப்பால் ஒரு தட்டு தட்ட வேண்டும். எவ்வளவு பலமாக என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் எனக்கு லீவு கிடைப்பதில்லை.

கிணற்றின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. பம்புக்குள் போகக் கூடாததை அது பிடித்து வைக்கும். நீளமான இரும்பு வாரியால் நான் அதை மேலேயிருந்து வாரி எடுப்பேன். துணி, சவரி முடி, குழந்தைகளின் டயப்பர், தேங்காய் நார், ஒரு முறை மேல்வரிசைப் பல்செட். ஊரில் வெள்ளை வேட்டி கட்டி வருகிற எவரையும் நான் அவர் அனுப்பிவைத்ததை வைத்து அறிவேன். அவர்களுக்கு என்னைத் தெரியாது. நிலையத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் பார்ப்பார்கள்.

அப்படி இருந்த நிலையத்தின் முன்னால் ஒரு நாள் காலையில் இரண்டு பேர் பெரிய பலகை ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார்கள். ‘தரம் உயர்த்தும் பணி’ என்று எழுதியிருந்தது. பலகை வந்து பல மாதம் கழித்துத்தான் வேறு ஏதாவது வந்தது. முதலில் வந்தது சென்னையிலிருந்து ஆலோசனை நிறுவனத்தின் ஆள். நல்ல பையன். முகக்கவசத்துக்கு மேல் கைக்குட்டை கட்டியிருந்தான். கட்டடத்துக்கு மேலே ஒரு டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தான். எல்லாம் முடிந்த பிறகு, “பூமிக்கு அடியில குழாய் எப்படிப் போகுதுன்னு பழைய டிராயிங் இருக்குமா சார்?” என்று கேட்டான். என்னைச் சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான். அதனால் உதவ வேண்டும் என்று தோன்றிவிட்டது.

டிராயிங் ஆபீசில் இல்லை. இருந்த அலமாரியைக் கறையான் தின்றுவிட்டு, அலமாரியின் சாவியை மட்டும் விட்டுவைத்திருந்தது. “எனக்கு மனப்பாடமாக்கும், வரைஞ்சு தாறேன்” என்று அவனை எதிரே இருந்த சாயாக் கடைக்கு அழைத்துப் போனேன். கண் சிகிச்சை முகாம் நோட்டீஸ் ஒன்று கிடந்தது. அதன் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் வரைந்தேன். பெரிய வட்டம் கிணறு, கோடுகள் குழாய், சின்ன வட்டங்கள் மேன்ஹோல். வரைந்துகொண்டே குடித்த சாயாவை அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தேன். பையன் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனான்.

அடுத்த முறை அதைப் பார்த்தபோது அடையாளம் தெரியவில்லை. மேசை அகலத்தில் நான்கு வண்ணத்தில் அச்சாகியிருந்தது. ஓரத்தில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கிணற்றுக்குக் கிழக்கே, ரோட்டோரத்தில், நான் வரையாத ஒரு வட்டம் இருந்தது. நான் வரைந்த வட்டங்களைவிட அதுதான் ஒழுங்காக இருந்தது. பக்கத்தில் ‘சேகரிப்புத் தொட்டி எண் 2’ என்று போட்டிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகுதான் புரிந்தது. அது என் சாயா கிளாசின் அடிப்பாகம்.

அந்தச் சமயத்தில்தான் புது உதவிப் பொறியாளர் வந்து சேர்ந்தார். ஈரோடு பக்கத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். கோபம் வந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் கோபப்படுவார். வந்த முதல் நாளே மூக்கைப் பொத்தாமல் கிணற்றை எட்டிப் பார்த்தார். அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“மேடம், அப்படி ஒரு தொட்டி கெடையாது.”

“டிராயிங்ல இருக்குதுங்களே அண்ணா?”

“அது சாயா.”

அவர் சிரிக்கவில்லை. நோட்டீஸ் இன்னும் கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கடைக்காரர் அதில் பஜ்ஜியின் எண்ணெயை ஒற்றி எடுத்திருந்தார். மேடம் அதையும் டிராயிங்கையும் சாயாக் கடை பெஞ்சில் பக்கம் பக்கமாக விரித்துப் பார்த்தார். பிறகு, இல்லாத தொட்டியைத் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லி மேலே ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்தது. நீக்குவதென்றால் டிராயிங்கைத் திருத்தி, ஆறு பேரிடமும் மறுபடியும் கையெழுத்து வாங்கி, முதலிலிருந்து அனுமதி பெற வேண்டும். அதுவரை புதுப் பம்புகள் வராது. ஆனால் அந்த இடத்தில் உண்மையிலேயே ஒரு தொட்டி இருந்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

மேடம் இரண்டு நாள் யோசித்தார். அந்த வாரம்தான் ஓடுகிற பம்பும் ஒரு முறை நின்று, செருப்பின் பேச்சைக் கேட்க மறுத்திருந்தது. கடைசியில் தொட்டியைக் கட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ரோட்டோரத்தில் பள்ளம் தோண்டி, கான்கிரீட் போட்டு, அழகான வட்டத் தொட்டி ஒன்றைக் கட்டி, இரும்பு மூடி போட்டு எண்ணும் எழுதினார்கள். அதற்குள் ஒரு குழாய் போகவில்லை, அதிலிருந்து ஒரு குழாய் வரவில்லை. திட்டத்தின் எல்லா வேலைகளிலும் குறித்த தேதிக்கு முன்பே முடிந்தது அது ஒன்றுதான்.

அது முடிந்த நாலாவது நாள் காலையில் நான் கிணற்றைப் பார்த்தேன். தண்ணீர் வரத்து பாதிகூட இல்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஊர் திருந்திவிட்டது போல என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குப் பள்ளத்தெருவிலிருந்து ஆட்கள் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வரவேண்டியது எங்கேயோ அடைபட்டு, அவர்களுடைய கழிப்பறை வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு காலையில் என் வேலை என்ன என்பது அந்தத் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று.

மூங்கில் கழி விட்டுப் பார்த்தோம். மெயின் ரோட்டில், புதுத் தொட்டிக்கு அடுத்த மேன்ஹோலுக்குள்தான் ஏதோ கட்டியாகக் கிடந்தது. மேடம் நாகர்கோவிலுக்கு போன் போட்டு, அடைப்பெடுக்கிற லாரியை அனுப்பச் சொன்னார். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவரும் ஒரு போன் போட்டார். அரை மணியில் ஒரே பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கையில் கயிறும் வாளியும். ஒருவர் என் வயதுக்காரர். மற்றவர் கொஞ்சம் இளையவர். சட்டையைக் கழற்றி பைக்கின் மேல் போட்டார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் எங்கேயிருந்து, எந்தச் சனத்திலிருந்து வருவார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி யாருக்கும் தெரியாமல் இல்லை.

ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மேன்ஹோல் என்ற பெயரையே மாற்றி, இப்போது காகிதத்தில் ‘மெஷின் ஹோல்’ என்றுதான் எழுதுகிறார்கள். பெயர் மாறிய விவரம் உள்ளே இருக்கிற விஷவாயுவுக்குத் தெரியாது.

மேடம் நேராகச் சாயாக் கடைக்குப் போனார். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்த மேன்ஹோல் மூடியின் மேல் போட்டு உட்கார்ந்தார்.

“யாரும் இறங்கக் கூடாதுங்க. லாரி வரட்டும்.”

சூப்பர்வைசர் சிரித்தார். “மேடம், அஞ்சு நிமிஷ சோலி. பயலுவளுக்குப் பழக்கமாக்கும்.”

“செத்துப்போறதுக்கு யாரும் பழகிக்க முடியாதுங்க.”

வாளியோடு நின்ற பெரியவர் தணிந்த குரலில் சொன்னார். “நாங்க எறங்காட்டா வேற ஆளு எறங்குவான் மேடம்.”

“இன்னைக்கு யாரும் இல்லைங்கண்ணா. நீங்க போய் நிழல்ல உட்காருங்க.”

அதற்குள் பள்ளத்தெரு முழுக்க அங்கே வந்துவிட்டது. முன்னால் நின்றது ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். “எனக்க வீட்டுக்குள்ள வெள்ளம் ஏறிக் கெடக்கு. நீ இஞ்ச நாற்காலி போட்டுச் சொகமா இருக்கியா பிள்ளே?” என்றார். பின்னாலிருந்து ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். எறக்குங்க, எறக்குங்க என்று சத்தம். எங்கள் வார்டு கவுன்சிலரும் வந்து சேர்ந்தார். யார் சத்தம் அதிகம் என்று பார்த்து, அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

மேடம் தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு நீட்டினார்.

“டீச்சர், ‘ஆளை உள்ளே இறக்கச் சொல்லி நான்தான் கேட்டேன்’னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் எந்திரிச்சிடறேன்.”

தலைமையாசிரியை தாளைப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். தாள் கவுன்சிலரிடம் போயிற்று. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு போன் வந்தது. மணி அடித்ததாக எனக்கு நினைவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடம் தாள் போனபோது, அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். எழுதிக்கொடு என்று ஒரு வார்த்தை சொன்னதும் கூட்டம் முழுவதும் இரண்டடி பின்னால் நகர்ந்தது. சத்தம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

அப்போதுதான் கூட்டத்தில் நின்ற, நகராட்சியில் ஓய்வுபெற்ற ஒருவர் என்னைக் கவனித்தார். “ஏலே, நீ பண்டு கெணத்துக்குள்ள எறங்கினவந்தானே? அந்தப் பிள்ளைக்கிட்டச் சொல்லு, ஒண்ணும் ஆவாதுன்னு.”

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். உண்மையில் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் அதுதான் எளிது. ஆனால் வேறு ஒன்று வந்தது.

“எறங்கினேன். ஏறல. தூக்குனாங்க.”

பல வருஷம் முன்னால் நடந்தது அது. கிணற்றடியில் பம்பின் வாயில் துணி அடைத்துக்கொண்டது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். அழுகின முட்டை வாசம் வந்தது, பிறகு அந்த வாசமும் இல்லாமல் போயிற்று. வாசம் நின்றுவிட்டதே என்று நான் நிம்மதியாக இருந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை. அப்போதைய ஃபோர்மேன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போட்டிருக்கிறார். அன்றைய அதிகாரி மேலே நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்காக யாரும் நாற்காலி போட்டு உட்காரவில்லை. அப்படி ஒன்று செய்யலாம் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. சொன்னது அந்த மூன்று வார்த்தைதான். மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் போய் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாளியோடு வந்த பெரியவரும் நிழலை விட்டு எழுந்து வந்து மறுபக்கம் நின்றார்.

லாரி மத்தியானம் தாண்டித்தான் வந்தது. டிரைவர் ஒன்றரை மணி நேரமாகத் தக்கலை தாண்டிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்களாம். மேடம் எழுந்தபோது கால் மரத்துப்போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரிக் குழாயை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும் என்று, வந்த இருவரையும் மேலேயே நிறுத்தி வேலை கொடுத்தார். தண்ணீரை வேகமாகப் பீச்சி, கொக்கி போட்டு இழுத்ததில் அடைப்பு ஒவ்வொன்றாக மேலே வந்தது. முதலில் உடைந்த செங்கல். பிறகு சிமெண்டுச் சாக்குகள், பாதி இறுகிப் பாறையாகிப்போனவை. புதுத் தொட்டி கட்டி மிஞ்சிய குப்பையையெல்லாம் ஆட்கள் தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டு, பக்கத்திலிருந்த மேன்ஹோலில் தள்ளி மூடியிருக்கிறார்கள்.

“இது வேற கம்பெனி சிமெண்டு மேடம்” என்றார் சூப்பர்வைசர். தன் வேலைக்கு அடுக்கி வைத்திருந்த அதே கம்பெனிச் சாக்குகளின் மேல் கையூன்றிக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

பள்ளத்தெருவில் தண்ணீர் வடிந்தது. கூட்டமும் வடிந்தது. எப்படியோ லாரி வந்தது கவுன்சிலரால்தான் என்று சாயங்காலத்துக்குள் ஒரு பேச்சு பரவிவிட்டது.

நான் வீட்டுக்குப் போனபோது என் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இட்டலியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணைக்குப் படியில வழுக்கி விழுந்தேன்னுல்லா சொன்னிய?”

“ஆமா.”

“நான் தைலம் போட்டுத் தேய்ச்சுவிட்டேனே. முதுகுல.”

“நல்லாத்தான் இருந்துது.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “அந்தப் பொண்ணு தனியாத்தானே இருக்கு? நாளைக்குச் சோறு குடுத்து விடுதேன். கொண்டு குடுங்க.” அதன் பிறகு கல்யாண வீடுகளில் இன்ஜினியரிங் செக்‌ஷன் என்கிற பேச்சை நான் கேட்கவில்லை.

புதுப் பம்புகள் வந்தன. நன்றாகவே ஓடின, அதைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஏறினால் தானாக எழுந்து, இறங்கினால் தானாக உறங்குகிறவை. மேடம் ஒவ்வொரு போல்ட்டையும் நின்று பார்த்து மாட்ட வைத்தார். சிமெண்டுச் சாக்கு விஷயத்தைப் படத்தோடு அறிக்கையாக எழுதி மேலே அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் வேறு வழியாக வந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிர்வாக நலன் கருதி அவரை வடக்கே ஒரு ஊருக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் அப்படியே இருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். பஸ் வருகிற நேரத்தில் அவர் சொன்னார். “அந்தத் தொட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதுங்கண்ணா. அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.”

“சாயா கிளாஸ வச்சது நானாக்கும் மேடம்.”

அன்றைக்குத்தான் அவர் அதற்குச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பஸ் போன பிறகு, அவருக்குக் கொடுக்க வேண்டிய சோற்றுப் பாத்திரம் என் கையிலேயே இருப்பதைக் கண்டேன். அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் மேலிடத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறை எழுதிக்கொண்டே வந்தார்கள். சேகரிப்புத் தொட்டி எண் 2-க்கு வந்ததும் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று சுவர். ஒரு சொட்டு அழுக்கு இல்லை, துளி நாற்றம் இல்லை. தலைமை அதிகாரி குனிந்து பார்த்து அசந்துபோனார். “பராமரிப்புன்னா இதுதான். டிராயிங்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கு” என்று என் தோளில் தட்டினார். நான் ‘ஆமா சார்’ என்றேன். அதில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துத் தயாராகத்தான் நின்றேன்.

மறுநாள் விழா. கிணற்றைச் சுற்றி பிளீச்சிங் பவுடரும் அதற்கு மேல் பன்னீரும் தெளித்தார்கள். இரண்டும் சேர்ந்து கிளப்பிய மணத்துக்குப் பழைய வாசமே தேவலை என்றிருந்தது. விருந்தினர் பொத்தானை அமுக்கினார். பம்பு விடியற்காலையிலிருந்தே ஓடிக்கொண்டிருந்ததால் தனியாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் கைதட்டினார்கள். கல்வெட்டில் பதினான்கு பெயர்கள். நான் நின்று எல்லாவற்றையும் வாசித்தேன். மூடியின் மேல் உட்கார்ந்தவர் பெயர் அதில் இல்லை.

இப்போது புது மின்பெட்டிக்குச் சூடு ஆகாது என்பதால் கட்டுப்பாட்டு அறைக்கு ஏசி வைத்திருக்கிறார்கள். நகராட்சியில் ஒழுங்காக வேலை செய்கிற ஏசி இது ஒன்றுதான் என்பது முதல் கோடையிலேயே வெளியில் தெரிந்துவிட்டது. மதியம் ஆனால் ஒவ்வொருவராகக் கோப்புகளோடு வருகிறார்கள். ‘கள ஆய்வு’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு உட்காருகிறார்கள். நாத்தப் பம்பு என்று சொன்னவர்கள் யாரும் இப்போது மூக்கைப் பொத்துவதில்லை. ஆள் கூடினால் மின்பெட்டி சூடாகும் என்று நான் ஒரு முறை எடுத்துச் சொன்னேன். அதன் நியாயத்தை அவர்கள் உடனே ஒப்புக்கொண்டு, ஒரு ஆளைக் குறைக்க என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

எனக்கும் வெளியேதான் வேலை. கம்பி வலையைத் தானாக வாருகிற எந்திரம் அந்த டிராயிங்கில் எங்கேயும் இல்லாததால் வரவில்லை. நேற்றும் வாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“வேய், கதவ அடைச்சிட்டுப் போவும். தணுப்பு வெளிய போவுது.”

அடைத்துவிட்டுப் போனேன். கிணற்றின் வலையில் நிறையச் சேர்ந்திருந்தது.